கதவு பூட்டு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கானாடுகாத்தான் வீதிகளில்
மின்சாரக் கணக்கெடுக்கப் போகிறேன்.
பை ஒன்று, நோட்டு இரண்டு.
ஒன்று வாரியத்துக்கு.
மற்றது, அட்டை கிழிந்தது,
யாருக்கென்று இன்னும் தெரியவில்லை.

வாரிய நோட்டில்
பூஜ்யம் வேறு, கதவு பூட்டு வேறு.
பூஜ்யம் என்றால் உள்ளே போனேன், பார்த்தேன்,
சக்கரம் நகரவில்லை.
கதவு பூட்டு என்றால்
எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.
சேர்ந்த புதிதில் ஒன்றுக்கு மற்றதை எழுதி
உதவிப் பொறியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
பறவை எண்ணுவதற்கு
அதைவிடப் பெரிய படிப்பு எதுவும் எனக்கு வாய்க்கவில்லை.

மேலக் கண்மாய், இரண்டாயிரத்து ஆறு, தை.
கிளுவை நூற்று நாற்பது.
யாக்கூபு எண்ணியது இருநூற்றுப் பத்து.
சிலிண்டர் போடுகிறவர்,
சில்லறை தரும்போது இல்லாத தாராளம்
வாத்து எண்ணும்போது வந்துவிடும்.
கரையில் நின்று சண்டை போட்டோம்.
சத்தத்தில் மொத்தமும் எழும்பிப் போய்விட்டது.
இரண்டு எண்ணையும் எழுதிவைத்தேன்.

பத்தில் எண்பது.
பதினான்கில் முப்பத்தொன்று.
பதினேழில் கண்மாயில் நீரே இல்லை, கிளுவை பூஜ்யம்.
நடுக்கண்மாய்வரை நடந்துபோய்ப் பார்த்த பூஜ்யம்.
வெடித்த மண்ணில் ஓர் ஆள்காட்டி மட்டும்
எங்களைத் திட்டிக்கொண்டே கூட வந்தது.
பதினெட்டில் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்.
இருபத்தொன்றில் யாக்கூபு ஆஸ்பத்திரியில்,
நான் வாசலில்.
அந்த இரண்டு தைக்கும் கோடு போட்டிருக்கிறேன்.
பூநாரையே வந்து இறங்கியிருக்கலாம்.
இல்லையென்று யார் சொல்வது?

எல்லாமே குறைந்ததாகவும் சொல்ல முடியாது.
முதல் மயிலைப் பார்த்த அன்று
யாக்கூபு வண்டியை நிறுத்தி
சட்டையின் மேல்பித்தானைப் போட்டுக்கொண்டார்.
விதைப்பு நின்ற வயலெல்லாம் சீமைக்கருவை ஆனது.
இப்போது மயில் அறுபத்தேழு.
கடலைக்கொல்லைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பேரை
நோட்டில் எழுத முடியாது.

மூன்றாம் வீதி, இணைப்பு எண் நூற்றுப் பதினெட்டு.
பத்தொன்பது வருஷம்
வாரிய நோட்டில் கதவு பூட்டு,
என் நோட்டில் கூகை இரண்டு.
மாடியில் கண்ணாடி போன சன்னல் வழியாக
விளக்கு வைக்கிற நேரத்தில் கிளம்பும்.
வெள்ளை முகம், சத்தமில்லாத சிறகு.
ஒரு வருஷம் குஞ்சோடு ஐந்து.
போன ஆவணியில் வீடு ஓட்டலாகித் திறந்தது.
யூனிட் நாலாயிரத்து இருநூறு.
கூகை பூஜ்யம், மாடி ஏறிப் பார்த்தே எழுதினேன்.
வரவேற்பு மேசையில்
வெண்கல ஆந்தை ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள்.
அதை எண்ணவில்லை.

இந்தத் தையில் கிளுவை ஒன்பது.
யாக்கூபும் ஒன்பது என்றார்.
சண்டை போட எதுவுமில்லாமல் திரும்பினோம்.

வேலியோரக் கதிர்க்குருவியும் குறைந்துவருவதாக
மூன்று வருஷமாய் எழுதிவந்தேன்.
நேற்று புது ஒயர்மேன் சகாயம்
கம்பத்தின் உச்சியிலிருந்து,
"அக்கா, இந்தக் குருவி காது கிழியக் கத்துதே,
ஓட்டிவிடக் கூடாதா?" என்றான்.
"எந்தக் குருவி?" என்றேன்.

தேவகோட்டைக் காது டாக்டர்
கட்டம் போட்ட தாள் ஒன்று தந்தார்.
கோடு இடமிருந்து வலமாக, போகப் போக
இறங்கிக்கொண்டே வந்தது.
கிளுவைக் கணக்கை வரைந்தாலும்
ஏறக்குறைய அப்படித்தான் வரும்.
மெல்லிய சத்தங்கள் முதலில் போகும் என்றார்.
குறைந்தது குருவியா நானா
என்று அவரிடம் கேட்க முடியாது.

பஸ்ஸில் உட்கார்ந்து பக்கங்களைத் திருப்பினேன்.
கதிர்க்குருவிக்கு நேரே
நான்கு, ஒன்று, பூஜ்யம்.
மூன்றையும் அடித்துவிட்டு
மேலே பொடியாக எழுதினேன்,
கதவு பூட்டு.
உள்ளே எத்தனை என்று
நாளைக்குச் சகாயத்திடம் கேட்க வேண்டும்,
அவன் கம்பத்திலிருந்து இறங்குவதற்குள்.